பல் சொன்ன வயது

2023 அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் பின்கதவைத் தட்டினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே, கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்த ஒரு கீழ்த்தாடை எலும்பு. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கொலராடோ மாநிலத்தின் வடமேற்கு மலைகளில் ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்கி, எல்க் என்ற பெரிய மானினத்தின் காளை ஒன்றைச் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். "உங்கள் தாத்தா மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார் என்று ஒருமுறை சொன்னீர்களே. இதற்கு எத்தனை வயதிருக்கும்?" என்றார்.

கொம்பு அவர் வீட்டுக் கராஜ் சுவரில் ஏற்கெனவே ஏறியிருந்தது. பக்கத்துக்கு ஆறு கிளை. இங்கே அதை 'சிக்ஸ் பை சிக்ஸ்' என்பார்கள். அவரோடு வேட்டைக்குப் போன மூன்று பேரும் கொம்பைப் பார்த்தே வயது சொல்லியிருந்தார்கள்: ஏழு, எட்டு, ஒன்பது. எட்டுதான் சரி என்று பெரியவர் முடிவுகட்டி வைத்திருந்தார். இருந்தாலும் மனசுக்குள் எங்கோ ஒரு உறுத்தல். அதனால்தான் தாடையோடு வந்து நின்றார்.

அடுப்படி மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் தாடையை வைத்தேன். முன்பல் வரிசையில் விரலை வைத்ததுமே எனக்கு அப்புச்சி ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு ஊர் காங்கேயத்துப் பக்கம். அம்மாவின் அப்பாவை எங்கள் ஊரில் அப்புச்சி என்போம். கண்ணபுரம் மாரியம்மன் தேருக்குக் கூடும் மாட்டுச் சந்தைக்குச் சின்ன வயதில் என்னையும் கூட்டிப்போவார். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். கையின்மேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஆனால் துண்டு விழுவதற்கு முன்னால் நடப்பதுதான் எனக்குப் பிடிக்கும். அப்புச்சி காளையின் மூக்கணாங்கயிற்றை இடது கையில் இறுக்கிப் பிடித்து, வலது கையால் கீழுதட்டை மடக்கி, பல்லை ஒரு பார்வை பார்ப்பார். இரண்டு நொடிதான். "ரெண்டு பல்லு", "நாலு பல்லு", "ஆறு பல்லு" என்பார். எட்டும் விழுந்து முளைத்திருந்தால் "கடை சேந்துருச்சு" என்பார். அதற்குமேல் அந்தக் காளைக்கு வயது என்ன என்று யாரும் வாதாட மாட்டார்கள்.

"அம்மிணி, கொம்பெ நம்பாத. கொம்பச் சீவிப் போட்டு எண்ணெயத் தடவுனா கெழடுகூட இளசாத் தெரியும். பல்லுக்குப் பூச்சு கெடையாது" என்று அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. விலை கொடுத்து வாங்குகிற மாட்டைப் பார்த்தே தீர வேண்டும். இன்னொன்றும் செய்வார். படுத்திருக்கிற மாட்டைத் தட்டி எழுப்பச் சொல்லி, அது எப்படி எழுகிறது என்று கண்ணிமைக்காமல் பார்ப்பார்.

எல்க்கும் அசைபோடும் விலங்குதான். மாட்டைப் போலவே கீழே எட்டு முன்பல். மேலே முன்பல்லே கிடையாது, தடித்த ஈறு மட்டும். அதனால் அப்புச்சியின் கணக்கு இங்கேயும் செல்லும், வேகம்தான் வேறு. மாடு கடை சேர ஐந்து வயது ஆகும். எல்க்குக்கு ஒன்றரை வயதில் நடு ஜோடிப் பால்பல் போய் நிலைப்பல் வந்திருக்கும். மூன்று வயதை நெருங்கும்போது எட்டும் மாறிவிடும். உள்பக்கம் கடைவாய் வரிசையில் இன்னொரு அடையாளம் உண்டு. மூன்றாவது பல் பால்பல்லாக இருக்கும்வரை மூன்று மேடாக இருக்கும். ஏறக்குறைய இரண்டரை வயதில் அது விழுந்து, இரண்டு மேடுள்ள நிலைப்பல் வரும். மூன்று மேடா, இரண்டு மேடா என்று பார்த்தாலே குட்டிப் பருவம் தாண்டியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மேசைமேல் இருந்த தாடையில் எட்டும் நிலைப்பல். கடைவாயில் மூன்றாவது பல் இரண்டு மேடு. ஆக மூன்றுக்குக் குறைவில்லை. அடுத்து, கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எனாமலின் வெள்ளை விளிம்புகள் இன்னும் கூராக நின்றன. அவற்றுக்கு நடுவே தெரியும் பழுப்புக் கோடு மெல்லியதாக இருந்தது. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து, உள்ளே இருக்கும் பழுப்பு டென்டின் அகலமாகிக்கொண்டே போகும். ரொம்பக் கிழடானால் பல் குழிந்து, ஈறோடு ஈறாகத் தட்டையாகிவிடும். இங்கே அந்தத் தேய்மானம் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை.

"நாலு. மிஞ்சினால் ஐந்து" என்றேன்.

பெரியவர் தாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. எட்டு வருஷம் வேட்டைக்காரர்களுக்குத் தப்பி வாழ்ந்த கிழக்காளை என்று நினைத்துக்கொண்டிருந்தவரிடம் அது பாதி வயதுப் பிள்ளை என்று சொல்வது எனக்கும் சுலபமாக இல்லை. கடைசியில் ஒரு முன்பல்லைப் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அதன் முடிவைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், நாலு அனுபவசாலிகள் எப்படி ஒரே மாதிரி ஏமாந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஐரோப்பாவில் எல்க் என்றால் இங்கே மூஸ் எனப்படும் வேறொரு பெரிய விலங்கு. இலங்கைக்கு வந்த வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அங்கிருந்த மரையை எல்க் என்றே எழுதி வைத்தார்கள். நுவரெலியா பக்கம் எல்க் பிளெயின்ஸ் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. நான் பேசுவது அமெரிக்க எல்க்கைப் பற்றி. பழங்குடி மொழியிலிருந்து வந்த 'வாபிட்டி' என்ற பெயரும் அதற்கு உண்டு. நம் கடமானுக்கு நெருங்கிய உறவு, ஆனால் உருவத்தில் பெரியது. ராக்கி மலையில் வளர்ந்த ஆண் சுமார் 320 கிலோ இருக்கும். தோள் உயரம் ஐந்தடி. தமிழில் ஆண்மானைக் கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் சொல்ல அழகான சொற்கள் இருக்கின்றன. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் ஆணை 'புல்', பெண்ணை 'கவ்', குட்டியை 'காஃப்' என்கிறார்கள். அந்த உடம்பை நேரில் பார்த்த பிறகு எனக்கும் காளை, பசு, கன்று என்றுதான் வாயில் வருகிறது.

இனி கொம்புக்கு வருவோம். தமிழில் மாட்டுக்கும் மானுக்கும் கொம்பு என்ற ஒரே சொல்தான். ஆனால் இரண்டும் முற்றிலும் வேறு. மாட்டுக் கொம்பு பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒன்றே. அது அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும், அதில் வளையம் விழும். எல்க்கின் கொம்பு எலும்பு. வருஷா வருஷம் மார்ச், ஏப்ரலில் உதிர்ந்து, மறுபடி ஒன்றுமில்லாமையிலிருந்து முளைக்கும். கோடையில் ஒரு நாளைக்கு இரண்டரை சென்டிமீட்டர்வரைகூட வளரும். ஆகஸ்டில் மேல்தோலை மரத்தில் தேய்த்து உரித்துவிட்டு, செப்டம்பரில் சண்டைக்குத் தயாராகும். ஆக, செப்டம்பரில் நாம் பார்க்கும் கொம்புக்கு வயது ஐந்தே மாதம். அதில் பழைய வருஷங்களின் பதிவு ஒன்றுமே இல்லை. அந்தக் கோடையில் அந்த விலங்கின் உடம்பு எப்படி இருந்தது, புல் எப்படி இருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

ஆரம்ப வருஷங்களில் கொம்பு ஓரளவு உண்மை பேசும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கன்றுகள் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. அதனால் இலையுதிர் காலத்தில் எந்த எல்க்கின் வயதும் அரையில்தான் முடியும்: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை. ஒன்றரை வயதுக் காளைக்குப் பெரும்பாலும் கிளையில்லாத இரண்டு குச்சிதான். அதற்கு 'ஸ்பைக்' என்று பெயர். இரண்டரையில் ஒல்லியான தண்டில் நாலு, ஐந்து கிளை, அது 'ராக்ஹார்ன்'. மூன்றரை, நாலரையில் ஆறு கிளை வந்துவிடும். சிக்கலே அதற்குப் பிறகுதான். நாலரை வயதுக்கும் ஆறு கிளை, ஏழரைக்கும் ஆறு, பதினொன்றரைக்கும் ஆறு. ஏழு எட்டுக் கிளை விடுபவை கொஞ்சம். ஆறோடு நின்றுவிடுபவைதான் அதிகம். கிளையை எண்ணி வயது சொல்வது ஒரு பிள்ளைக்கு நாலு வயதா ஐந்து வயதா என்று சொல்ல உதவலாம். முப்பதா நாற்பதா என்று சொல்ல உதவாது.

வாழ்க்கையின் நடுப்பகுதியில், ஏழு எட்டு வயதிலிருந்து பத்துப் பன்னிரண்டுவரை, கொம்பு உச்சத்தில் இருக்கும். ஜோடி 18 கிலோகூடத் தேறும். அதற்குமேல் இறங்குமுகம். கிளைகளின் நீளம் குறையும், ஆனால் அடித்தண்டின் பருமன் அவ்வளவு சீக்கிரம் குறையாது. அடியில் கோணல்மாணலாக ஒன்றிரண்டு முனைகள் கிளம்பும். ஆக, கொம்பில் வயதைத் தேட வேண்டுமென்றால் எண்ணிக்கையை விட்டுவிட்டு அடிப்பருமனைப் பாருங்கள். புருவத்துக்கு மேலிருந்து முன்னோக்கி நீளும் முதல் இரண்டு கிளைகளைப் பாருங்கள். நாலாவது கிளையைப் பாருங்கள். வளர்ந்த காளையில் அதுதான் வாள்மாதிரி தனியாக நீண்டு நிற்கும். மண்டையோடு கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. கொம்பு உட்காரும் எலும்புத் தண்டு ஒவ்வொரு உதிர்வுக்கும் கொஞ்சம் குட்டையாகும், தடிக்கும். இளம் காளையின் மண்டையில் அது ஒல்லியாக உயர்ந்திருக்கும். கிழக்காளையில் மண்டையோடு ஒட்டி அமர்ந்திருக்கும்.

சட்டமே கொம்பை நம்பித்தான் இருக்கிறது. கொலராடோவின் பல பகுதிகளில் ஒரு காளையைச் சுட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பக்கம் நாலு கிளையாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து அங்குல நீளமான புருவக் கிளையாவது இருக்க வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. தூரத்தில் நிற்கும் வேட்டைக்காரர் பல்லையா பார்க்க முடியும்? அந்த அளவில் இது நல்ல விதி. ஆனால் நாலு கிளையைத் தாண்டியதும் எல்லாமே 'பெரிய காளை' என்ற எண்ணம் மனசில் பதிந்துபோகிறது. பெரியவர் சறுக்கியதும் அங்கேதான்.

உயிரோடு நிற்கும் காளைக்கு வயது சொல்ல நான் கற்றுக்கொண்ட இடம் மொரெய்ன் பார்க். நாங்கள் இருக்கும் லவ்லண்டிலிருந்து பிக் தாம்ப்சன் ஆற்றோடு மலை ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் எஸ்டெஸ் பார்க் என்ற மலையூர். அதை ஒட்டி ராக்கி மலைத் தேசியப் பூங்கா. அதற்குள் இருக்கும் பெரிய புல்வெளிதான் மொரெய்ன் பார்க். இந்தப் பக்கத்து எல்க்குகளை வேட்டையாடித் தீர்த்துவிட்டு, 1913, 1914-ஆம் ஆண்டுகளில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காப் பகுதியிலிருந்து மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். இன்று நாம் பார்ப்பவை அவற்றின் வாரிசுகள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இணை சேரும் காலம். சாயங்காலமானால் புல்வெளிக்குள் இறங்க அனுமதியில்லை. எழுபத்தைந்து அடிக்குக் குறைவாக எந்த எல்க்கையும் நெருங்கக் கூடாது. சாலையோரத்தில் மஞ்சள் அங்கி போட்ட தன்னார்வலர்கள் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார்கள். நான் வருஷம் தவறாமல் போகிறேன். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அடித்தொண்டையில் தொடங்கி, புல்லாங்குழல் உடைந்ததுபோல் உச்சத்துக்கு ஏறி, இரண்டு மூன்று உறுமலோடு விழும். மூக்கு வழியாக ஒரு சீழ்க்கையும் தொண்டை வழியாக ஒரு கர்ஜனையும் ஒரே நேரத்தில் எழுப்புகிறது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். குரல் கட்டையாக இருந்தால் கிழக்காளை என்று வேட்டைக்காரர்கள் சொல்வதுண்டு. நான் நம்புவதில்லை. கீச்சுக்குரலோடு கூட்டத்தையே ஆளும் பெருங்காளைகளை அங்கே பார்த்திருக்கிறேன்.

அங்கே ஒரு வயதான தன்னார்வலப் பெண்மணி சொல்லித்தந்ததைத்தான் இன்றும் கடைப்பிடிக்கிறேன். "முதலில் கையால் கொம்பை மறைத்துக்கொள். மிச்சமிருக்கும் உடம்பைப் பார். அது பசுவைப் போல இருந்தால் சின்னப் பையன்" என்றார். அப்படியே செய்து பார்த்தேன். ஒன்றரை, இரண்டரை வயதுக் காளை கொம்பை மறைத்தால் பசு மாதிரியே இருக்கும்: நீண்ட கால், ஒட்டிய வயிறு, மெல்லிய கழுத்து, குறுகிய முகம். ஐந்து ஆறு வயதில் எடையெல்லாம் முன்பக்கம் ஏறிவிடும். கழுத்து தடித்து, அதன் மயிர் கறுத்துத் தொங்கும். காங்கேயம் காளைக்குத் திமிலும் கழுத்தும் கருக்கும் பாருங்கள், அதேபோல. அதன்பின் வயிறு சரியும், முதுகு நடுவில் லேசாகக் குழியும், கால்கள் உடம்புக்குக் குட்டையாகத் தெரியும், முகம் சதுரமாகும்.

நடத்தையும் பேசும். ஸ்பைக்குகளைப் பெரிய காளை துரத்தியடித்துவிடும். ராக்ஹார்ன்கள் கூட்டத்தின் ஓரத்தில் சுற்றி, பெரியது அசந்த நேரம் பார்த்து உள்ளே நுழையும். கூட்டத்தைக் கட்டிக்காப்பது ஐந்து ஆறு வயதைத் தாண்டியது. பசியும் தூக்கமும் இல்லாமல் ஒரு மாதம் ஓடி, அக்டோபர் கடைசியில் விலா எலும்பு தெரிய நிற்கும். ரொம்பக் கிழடானவை அந்த ஆட்டத்துக்கே வராமல் ஓடையோரத்து வில்லோ புதர்களில் ஒதுங்கிவிடும். கொம்பு விழும் நாளிலும் வயது தெரியும். பெரிய காளைகள் மார்ச்சிலேயே உதிர்த்துவிடும், இளசுகள் ஏப்ரல்வரை வைத்திருக்கும். யெல்லோஸ்டோனில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. சீக்கிரம் கொம்பை உதிர்த்த காளைகளைத்தான் ஓநாய்கள் குறிவைக்கின்றன என்று அதில் கண்டார்கள். அந்தக் காளைகள் உடம்பில் திடமாக இருந்தபோதும் அதுதான் நிலை. கொம்பு சண்டைக்கும் பகட்டுக்கும் மட்டுமில்லை, குளிர்காலத்தில் உயிர்க்காவலும்கூட என்பதை அதைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன்.

இவ்வளவு பார்த்தாலும், உயிரோடு நிற்பதற்கு ஒரே எண்ணைச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். சின்னது, நடு வயது, முதிர்ந்தது, கிழடு என்று நாலு கூடையில் ஒன்றில் போடலாம். அதற்குமேல் சொன்னால் ஊகம். கோடை வறண்டால் கொம்பு சுருங்கும். புல் செழித்த இடத்தில் ஒன்றரை வயதிலேயே கிளை விடும்.

காதில் அடையாள வில்லை மாட்டியிருந்தால் விஷயம் வேறு. யெல்லோஸ்டோனின் மாமத் பகுதியில் ஆறாம் எண் காளை என்று ஒன்று இருந்தது. காது வில்லையில் இருந்த எண்ணே அதன் பெயரானது. மனிதர்கள்மேலும் வண்டிகள்மேலும் பாய்ந்ததால் 2004-லும் 2005-லும் அதன் கொம்பை அறுத்தார்கள். 2009-இன் தொடக்கத்தில் கார்டினர் என்ற ஊரில் செத்தது. வில்லை இருந்ததால்தான் அத்தனை வருஷமும் அது அதே காளைதான் என்று ஊருக்கே தெரிந்தது. வில்லையில்லாத ஆயிரக்கணக்கானவற்றுக்கு அந்தப் பாக்கியமில்லை.

"வயதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஓரிகன் மாநிலத்தில் ஸ்டார்க்கி என்ற ஆய்வுக்காட்டில், வேலிக்குள் இருந்த எல்க்குகளை வைத்துப் பல வருஷம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே வயதுக் காளைகளை விட்டு, அவை ஒன்றிலிருந்து ஐந்து வயதாகும்வரை, பசுக்கள் எப்போது சினைப்படுகின்றன என்று பார்த்தார்கள். காளைகளுக்கு வயது ஏற ஏறப் பசுக்கள் முன்னதாகவே சினைப்பட்டன. பையன்கள் காலத்தில் அக்டோபர் தொடக்கத்தில் நடந்தது, ஐந்து வயதுக் காளைகள் காலத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் முந்தியது. இரண்டு வாரம் முன்னால் பிறக்கும் கன்றுக்கு, பனி விழுவதற்குள் இரண்டு வாரப் புல் கூடுதலாகக் கிடைக்கும். மலையில் அது சின்ன விஷயமில்லை. இதையெல்லாம் எண்ணித்தான் உட்டா மாநிலத்தில் சில பகுதிகளுக்கு, சுடப்படும் காளைகளின் சராசரி வயது இவ்வளவு இருக்க வேண்டும் என்று இலக்கே வைக்கிறார்கள். சராசரி இறங்கினால் அனுமதிச் சீட்டைக் குறைக்க வேண்டும். அந்தச் சராசரியை எடுக்க ஒவ்வொரு காளையின் பல்லும் வேண்டும். பெரியவர் அனுப்பியதுபோல ஆயிரக்கணக்கான பற்கள்.

பல் என்றதும் இன்னொரு பல்லையும் சொல்ல வேண்டும். மாட்டுக்கு இல்லாத ஒன்று எல்க்குக்கு இருக்கிறது. மேல்தாடையில், பக்கத்துக்கு ஒன்றாக, உருண்டையான சிறு கோரைப்பல். 'ஐவரி' என்கிறார்கள், தந்தம். ஒரு விலங்குக்கு இரண்டே இரண்டு. மொன்டானாவின் க்ரோ பழங்குடிப் பெண்களின் உடையில் இவற்றை நூற்றுக்கணக்கில் வரிசையாகத் தைத்திருப்பார்கள். அந்தக் குடும்பத்தின் வேட்டைத் திறமைக்கும் செல்வத்துக்கும் அதுவே சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்து ஆண்கள் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட இந்தப் பல்லைத் தேட, பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு உடம்பை அழுகவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். நினைத்தாலே மனம் கொதிக்கிறது. இந்தப் பல்லும் வயதைக் கோடிகாட்டும்: இளசில் வேர்ப்பக்கம் குழாய்மாதிரி திறந்து, பல் லேசாக இருக்கும், முதிர முதிர உள்ளே அடைபட்டுக் கனக்கும், பழுப்பேறும்.

ஆனால் கடைசித் தீர்ப்பு முன்பல்லின் வேரில் இருக்கிறது. வேரைச் சுற்றி சிமென்டம் என்ற பூச்சு வருஷா வருஷம் படிகிறது. தீனி கிடைக்கும் காலத்தில் அகலமான வெளிர்ப்பட்டை, குளிர்காலத்தில் மெல்லிய கருங்கோடு. மரத்தின் வளையம் போலத்தான். மொன்டானாவில் உள்ள மாட்சன்ஸ் ஆய்வகம் இந்த வேலைக்குப் பேர்போனது. பல்லை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குவார்கள். ரப்பர்போல ஆனதும் தாளைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் கோட்டை எண்ணுவார்கள். அந்தப் பல் முளைப்பதற்கு முந்திய காலத்தையும் கூட்டினால் வயது.

தேய்மானத்தைப் பார்த்துச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. எல்க்கின் கீழ்த்தாடையை வைத்து வயது சொல்லும் அட்டவணை 1957-லேயே வந்துவிட்டது. இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள், நான் அடுப்படியில் செய்ததும் அதன் ஒரு சாயல்தான். ஆனால் காது வில்லை மாட்டிய, வயது நிச்சயமாகத் தெரிந்த விலங்குகளின் பல்லை வைத்து மொன்டானாவில் சோதித்தபோது, கோட்டை எண்ணுவது பத்தில் ஒன்பதுக்கு மேல் சரியாக வந்தது, தேய்மானம் மிகவும் பின்தங்கியது. காரணம் எளிது. பல் தேய்வது வயதால் மட்டுமில்லை, மண்ணாலும் தண்ணீராலும்தான். யெல்லோஸ்டோனில் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த ஃபயர்ஹோல், மாடிசன் ஆற்றுப் பகுதி எல்க்குகள், புளோரைடும் சிலிக்காவும் கலந்த புல்லையும் நீரையும் தின்று குடித்து, மற்ற இடத்து எல்க்குகளைவிட வெகுசீக்கிரம் பல்லை இழக்கின்றன. பல் போனால் மேய முடியாது, மேய முடியாவிட்டால் குளிர்காலம் தாங்காது. அந்தப் பள்ளத்தாக்குத் தாடை ஒன்றை என்னிடம் கொடுத்திருந்தால், நடு வயது விலங்கைக் கிழடு என்று அடித்துச் சொல்லியிருப்பேன். பல்லுக்குப் பூச்சு கிடையாது என்று அப்புச்சி சொன்னது சரிதான். ஆனால் பல்லுக்கும் ஊர் உண்டு.

அடுத்த வசந்தத்தில் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. பெரியவர் அந்தத் தாளை மடிக்காமல் அப்படியே கொண்டுவந்து காட்டினார். வயது 4. அதாவது, சுட்ட நாளில் நாலரை. கொஞ்ச நேரம் கராஜில் அந்தக் கொம்பின் கீழே நின்றோம். "இன்னும் வளரவே ஆரம்பிக்கவில்லை அது" என்றார். வருத்தமா வியப்பா என்று அவர் குரலில் பிரித்தறிய முடியவில்லை. உச்சத்துக்கு இன்னும் மூன்று வருஷம் போல இருந்த காளை. கொம்பின் அடியில் அந்த எண்ணைச் சின்னதாக எழுதி ஒட்டியிருக்கிறார். வேட்டைக்கு வரும் இளைஞர்கள் கொம்பைப் பார்த்து வாய்பிளக்கும்போது, முதலில் அதைப் படிக்கச் சொல்கிறார்.

மொரெய்ன் பார்க்கில் எனக்குத் தெரிந்த காளை ஒன்று உண்டு. இடது காது நுனியிலிருந்து பாதிவரை கிழிந்தது. 2018 செப்டம்பரில் முதன்முதலாகப் படம் எடுத்தேன். அன்றே ஆறு கிளை, கறுத்த கழுத்து, சுற்றிலும் பன்னிரண்டு பசு. அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே காதைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். 2021-இல் அதன் கொம்பைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது, அவ்வளவு பெரிது. 2023-இல் நாலாவது கிளை குட்டையாகியிருந்தது. 2024 அக்டோபரில் போனபோது, வேறொரு காளை பசுக்களை வளைத்து வைத்திருந்தது. கிழிந்த காது தனியாக, ஓடையோரத்து வில்லோ புதருக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. கொம்பின் அடி இன்னும் பருமனாகவே இருந்தது. மேலே கிளைகள் சுருங்கி, வலது அடியில் கோணலாக இரண்டு முனை.

பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் என்ன வயதிருக்கும் என்று கேட்டது. படங்களை வைத்து எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். 2018-இல் மூன்றுக்குக் குறைந்திருக்க முடியாது. ஆகவே இப்போது ஒன்பதுக்குக் குறையாது. பதினொன்றோ பதின்மூன்றோகூட இருக்கலாம். பல்லைப் பார்த்தால்தான் தெரியும். அது பார்க்கக் கிடைக்காமலே இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. புல்வெளியின் மறுகோடியில் புதுக்காளை குரல் எழுப்பியது. கிழிந்த காது தலையைத் திருப்பிக் கேட்டது. பிறகு, மாடு எழுவதைப் போலவே, முதலில் பின்கால் இரண்டையும் ஊன்றி இடுப்பைத் தூக்கியது. முன்முட்டி இரண்டும் தரையிலேயே இருந்தன. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் முன்கால்களை ஒவ்வொன்றாக ஊன்றி எழுந்தது.